பாட்டுக் கடைக்காரர் பதில்கள்

கும்பகோணத்தில் 1984 முதல் 1999 வரை கேசட் பதிவுக் கடை வைத்திருந்தேன். சீட்டில் பாட்டு எழுதிக் கொடுத்தால் இரண்டு நாளில் பதிந்து தருவேன். அதையே இப்போது எல்லாரும் போனில் பிளேலிஸ்ட் என்று செய்கிறார்கள். இந்த வாரம் அதைப் பற்றித்தான் கேள்விகள் வந்திருக்கின்றன.

கேள்வி: அப்பா போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. திதிக்கு அண்ணன்கள் எல்லாரும் வருவார்கள். அப்பாவுக்குப் பிடித்த பாட்டுகளைத் தொகுத்து வைக்க ஆசை. ஆளாளுக்கு ஒரு பாட்டைச் சொல்கிறார்கள். எதை வைத்து முடிவு செய்வது?
– வாசகி, மன்னார்குடி

ஆளாளுக்கு ஒன்று சொல்வது நல்லதுதான் அம்மா. ஒவ்வொருவரும் பார்த்த அப்பா வேறு. ஆனால் "அப்பாவுக்கு என்ன பாட்டு பிடிக்கும்?" என்று கேட்டால் டி.எம்.எஸ்., சுசீலா என்று பொதுவாகத்தான் பதில் வரும். வேறு மாதிரி கேளுங்கள். சவரம் பண்ணும்போது எதை முணுமுணுப்பார்? ஜூன் 12 மேட்டூர் திறந்து, சில நாள் கழித்து நம் வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்த அன்றைக்கு வரப்பில் நின்று எதைப் பாடினார்? கேட்டது இலங்கை வானொலியா, திருச்சி வானொலியா? எந்தப் பாட்டு வந்தால் சத்தத்தைக் கூட்டினார், எது வந்தால் எழுந்து போனார்? அம்மா இருந்தால் முதலில் அவரிடம் கேளுங்கள். அப்புறம் அப்பா வழக்கமாக உட்காரும் டீக்கடையில் விசாரியுங்கள். பிள்ளைகளுக்குத் தெரியாத பாட்டு அங்கே கிடைக்கலாம்.

என் அம்மா அரிசி புடைக்கும்போது ஒரே ஒரு வரியைப் பாடுவார். அதில் ஒரு சொல்லை எப்போதும் மாற்றித்தான் பாடுவார். அவர் போன பிறகு அந்தப் பாட்டின் இசைத்தட்டைத் தேடிப் பிடித்து, நல்ல கேசட்டில் பதிந்து வீட்டில் போட்டேன். கேட்டுவிட்டு அக்கா, "இது அம்மா பாட்டு இல்லடா" என்றாள். அவள் சொன்னது சரி. அந்தத் தப்பான சொல்லோடு அக்காவையே பாட வைத்துப் பதிந்தேன். பின்னால் மாடு கத்துவதும் அதில் விழுந்திருக்கிறது. எங்கள் வீட்டுத் தொகுப்பில் இன்றைக்கும் அதுதான் முதல் பாட்டு.

உங்கள் அண்ணன்கள் கூடும் அன்று, ஆளுக்கு ஒரு பாட்டை இரண்டு வரி பாடச் சொல்லுங்கள். அப்பா அதை எங்கே, எப்போது பாடினார் என்று ஒரு வார்த்தை பேசவும் சொல்லுங்கள். போனில் பதிந்து, அசல் பாட்டுக்கு முன்னால் வையுங்கள். பேரப்பிள்ளைகளுக்கு அந்தப் பேச்சு வேண்டும்.

கேள்வி: 25-வது கல்யாண நாளுக்கு மனைவிக்குக் கொடுக்க 200 பாட்டு சேர்த்துவிட்டேன். போதுமா?
– வாசகர், பாபநாசம்

13 போதும். அறுபது நிமிஷக் கேசட்டில் பக்கத்துக்கு அரை மணி நேரம்தான். நாலரை நிமிஷப் பாட்டு என்றால் ஆறு பிடிக்கும், சின்னப் பாட்டாக இருந்தால் ஏழு. இடம் இல்லாததால்தான் ஒவ்வொரு பாட்டையும் யோசித்து எழுதினார்கள். அவருக்குப் பிடித்து, உங்களுக்குப் பிடிக்காத பாட்டு ஒன்றைக் கட்டாயம் சேருங்கள். இத்தனை வருஷமும் தன்னைக் கவனித்திருக்கிறார் என்று அதைக் கேட்டதும் அவருக்குத் தெரியும்.

கேள்வி: காதல் முறிந்து எட்டு மாதம் ஆகிறது. இருவரும் சேர்ந்து கேட்ட 47 பாட்டுகளை ஒரு தொகுப்பாக வைத்திருக்கிறேன். தினமும் ராத்திரி கேட்கிறேன், தூக்கம் போகிறது. அழித்துவிடலாமா?
– வாசகர், சீர்காழி

அழிக்க வேண்டாம் தம்பி. 1987 வாக்கில் ஓர் இளைஞர் எல்லாம் சோகப் பாட்டாக ஒரு சீட்டு கொண்டுவந்தார். பதிந்து கொடுத்தேன். போட்டுப் போட்டு டேப் இழுத்துப்போய், இரண்டு மாதத்தில் அதே சீட்டோடு வந்தார். மூன்றாம் முறையும் வந்தபோது எனக்கு மனசு கேட்கவில்லை. உட்கார வைத்து, "அந்தப் பொண்ணைப் பார்க்கிறதுக்கு முன்னாடி என்ன பாட்டு கேட்டீங்க?" என்றேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். பிறகு பேனா கேட்டார். ஊர்த் திருவிழாவில் குழாய் ஸ்பீக்கரில் கேட்டது, பள்ளிக்கூடம் போகும் டவுன் பஸ்ஸில் கேட்டது என்று ஐந்து பாட்டு எழுதினார். பி பக்கத்தில் அந்த ஐந்தையும் பதிந்தேன். உடனே எல்லாம் ஆறிவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அடுத்த முறை வேறு சீட்டு கொண்டுவந்தார்.

உங்கள் 47-ல் அவர் வருவதற்கு முன்பே உங்களுடையதாக இருந்த பாட்டுகள் இருக்கும். அவற்றைப் பிரித்தெடுத்துத் தனியாக வையுங்கள், அவை உங்கள் சொத்து. மீதியைப் பகலில், யாராவது பக்கத்தில் இருக்கும்போது கேளுங்கள். இன்னொன்று, தொகுப்பு முடிந்ததும் செயலி தானாகவே அதே சாயலில் பாட்டு போட்டுக்கொண்டே போகும். செட்டிங்ஸில் ஆட்டோபிளேயை அணைத்துவிடுங்கள். பாட்டு முடிந்தால் முடியட்டும், தூக்கம் வர அந்த அமைதி வேண்டும்.

கேள்வி: செயலியில் சேர்த்து வைத்த பாட்டு திடீரென்று காணாமல் போகிறதே?
– வாசகி, நாகப்பட்டினம்

பாட்டின் உரிமை வைத்திருப்பவர்களோடு செயலிக்காரர்கள் போட்ட ஒப்பந்தம் முடிந்தால் எடுத்துவிடுவார்கள். பாட்டு, படம், பாடியவர் மூன்றையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

கேள்வி: அக்கா கல்யாண நாதஸ்வரக் கேசட் பரணில் கிடைத்தது. போனில் ஏற்ற முடியுமா?
– வாசகர், திருவாரூர்

முடியும். முதலில் வெளிச்சத்தில் டேப்பைப் பாருங்கள். வெள்ளையாகப் பொடி தெரிந்தால் பூஞ்சை. அதை ஓட்டவே ஓட்டாதீர்கள், பிளேயரில் ஒட்டி மற்ற கேசட்டுக்கும் பரவும். வேலை தெரிந்தவரிடம் கொடுத்துச் சுத்தம் செய்யுங்கள். நன்றாக இருந்தால் மேல் விளிம்பில் இருக்கும் இரண்டு சின்னப் பிளாஸ்டிக் துண்டுகளை உடைத்துவிடுங்கள், தவறி ரெக்கார்டை அழுத்தினாலும் அழியாது. ஒரு முறை முழுக்க முன்னும் பின்னும் சுற்றிவிட்டு, பிளேயரின் ஹெட்போன் துளையிலிருந்து கம்பி போட்டுக் கணினியில் பதியுங்கள். ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருள் போதும். அங்கிருந்து போனுக்கு மாற்றிக்கொள்ளலாம்.

இரைச்சலைக் குறைக்கிறேன் என்று ரொம்பத் தேய்க்காதீர்கள். தவிலுக்கு நடுவில் "மாலையை எடுத்துட்டு வாங்க" என்று யாரோ கூப்பிடுவார், ஒரு குழந்தை அழும். அந்தக் குரல்கள் யாருடையவை என்று சொல்ல ஆள் இருக்கும்போதே அக்காவையும் பெரியவர்களையும் வைத்துக் கேட்டு, பெயர்களை எழுதிக்கொள்ளுங்கள். மழை பிடித்துக்கொண்டால் ஈரத்தில் பூஞ்சை கூடும், ஐப்பசிக்கு முன்பே முடித்துவிடுங்கள்.