புகாட்டி டைப் 251 ஏன் ஒரே பந்தயத்தோடு நின்றுபோனது?

எஞ்சினை ஓட்டுநருக்குப் பின்னால் வைத்து புகாட்டி உருவாக்கிய ஃபார்முலா ஒன் கார் ஏன் ஒரே பந்தயத்தோடு முடங்கியது என்று கேட்டிருக்கிறீர்கள். பணமும் காலமும் போதாமையே முதன்மைக் காரணம் என்பேன்; வடிவமைப்பின் குறைகள் அதற்கு அடுத்தவையே.

நிறுவனர் எத்தோரே புகாட்டி 1947-இல் மறைந்தபின் நலிந்திருந்த நிறுவனத்தை மீட்கும் முயற்சியில், ஆல்ஃபா ரோமியோ 158 பந்தயக் காரையும் ஃபெராரியின் முதல் வி12 (பன்னிரண்டு சிலிண்டர்) எஞ்சினையும் வடிவமைத்த ஜோவாக்கினோ கொலம்போவிடம் இப்பணி ஒப்படைக்கப்பட்டது. போட்டியாளர்களில் பெரும்பாலோர் எஞ்சினை முன்னால் வைத்திருந்த அக்காலத்தில், அவர் சுமார் 2.5 லிட்டர் கொள்ளளவுள்ள, எட்டு சிலிண்டர்களும் ஒரே வரிசையில் அமைந்த எஞ்சினை ஓட்டுநருக்குப் பின்னே குறுக்குவாட்டில் பொருத்தினார். நீளமான அந்த எஞ்சினைக் குறுக்கே திருப்பியதால் காரின் நீளம் குறைந்தது, துணிச்சலான யோசனைதான். ஆனால் முன்சக்கரங்களுக்கு அவர் தனித்தனித் தொங்கலமைப்பை (சஸ்பென்ஷன்) தராமல், இரண்டையும் இணைக்கும் விறைப்பான அச்சையே வைத்தார். எஞ்சினின் இடத்தில் காலத்தை முந்திய கார், முன் அச்சில் காலத்துக்குப் பின்தங்கியது விந்தையே.

1956 ஜூலையில் ரெய்ம்ஸில் நடந்த பிரெஞ்சு கிராண்ட் பிரியில், போதிய சோதனையின்றியே களமிறங்கிய இக்காரை, முந்தைய ஆண்டு மொனாக்கோவில் வென்றிருந்த மோரிஸ் த்ரிந்தின்யான் ஓட்டினார். ஆக்சிலரேட்டர் கோளாறால் 18 சுற்றுகளிலேயே அவர் விலக நேர்ந்தது. பிழைகளைத் திருத்தி மீண்டும் ஓட்ட நிறுவனத்திடம் நிதியில்லை. கட்டப்பட்ட இரு கார்களும் பின்னர் ஷ்லும்ஃப் சகோதரர்களின் சேகரிப்பில் சேர்ந்தன. அச்சேகரிப்பே இன்று பிரான்சின் முல்ஹவுஸ் நகரின் கார் அருங்காட்சியகமாக உள்ளது.