திசு வளர்ப்பு படிக்க விரும்பும் மகளின் பெற்றோருக்கு

"திசு வளர்ப்பு படித்தால் வேலை கிடைக்குமா?" என்று கேட்டிருந்தீர்கள். செடியின் சிறு பகுதியைக் கிருமியில்லாத குடுவையில் சத்துக்கூழில் வளர்த்து முழுச் செடியாக்குவதுதான் திசு வளர்ப்பு. அந்த வேலை எப்படி இருக்கும் என்பதை முதலில் உருளைக்கிழங்கை வைத்துப் பாருங்கள்.

நாம் சாப்பிடும் உருளைக்கிழங்கின் ஒரு செல்லில் 48 குரோமோசோம்கள், அதாவது மரபுக் குணங்களைத் தாங்கும் இழைகள். அவை நான்கு தொகுதிகளாக இருப்பதால், ஒரு நல்ல குணத்தை நிலைநிறுத்துவதற்குள் ரகம் உருவாக்குபவர் திணறிப்போவார். மகரந்தத்தில் 24 தான். அந்த மகரந்தத்தையே கருவாக வளர்த்துச் செடியாக்கினால், 24 குரோமோசோம் கொண்ட காட்டு இனங்களோடு நேரடியாகக் கலப்பு செய்யலாம். அவற்றின் நோய் எதிர்ப்பைக் கொண்டுவரலாம். மகரந்தத்திலிருந்து கரு வரும் என்று 1964-ல் டெல்லி பல்கலைக்கழகத்தில் தாவரவியலாளர்கள் சிப்ரா குஹாவும் எஸ்.சி. மகேஸ்வரியும் காட்டினார்கள். அவர்கள் எடுத்தது ஊமத்தை, உருளைக்கிழங்கின் குடும்பம்தான்.

பூவில் மகரந்தப்பைகள் ஐந்து. ஒன்றை அசிட்டோகார்மின் என்ற சிவப்புச் சாயத்தின் சொட்டில் நசுக்கி மைக்ரோஸ்கோப்பில் பார்க்க வேண்டும். ஒவ்வொரு மகரந்த மணியிலும் ஒரே உட்கரு, அதுவும் ஓரமாக ஒதுங்கியிருந்தால் மற்ற நான்கையும் வளர்ப்புக்கு எடுக்கலாம். உள்ளே மாவுச்சத்து சேரத் தொடங்கிவிட்டால் அந்த மொட்டு உதவாது. வழக்கமான வளர்ப்பு ஊடகத்தில் (குடுவையில் ஊற்றும் சத்துக்கூழில்) லிட்டருக்கு 30 கிராம் சர்க்கரை. இதற்குப் பெரும்பாலும் 60 கிராம். பைகள் விடும் நச்சுப்பொருளை உறிஞ்சக் கொஞ்சம் கரித்தூளும் சேர்ப்பார்கள்.

பிழை நடப்பது இடுக்கி முனையில். காம்பு ஒட்டியிருந்தாலோ பை நசுங்கினாலோ, பையின் சுவரே திரளாக வளர்ந்து மறுபடி 48 குரோமோசோம் செடியாக வந்து நிற்கும். மாதக்கணக்கில் வளர்த்த பிறகுதான் அது தெரியவரும். அதனால் இலையடித் தோலை உரித்து, இலைத்துளையின் இரு பக்கமும் உள்ள துளைக்காப்புச் செல்லில் பசுங்கணிகங்களை (பச்சை மணிகளை) முன்கூட்டியே எண்ணிப் பார்ப்பார்கள். குறைவாக இருந்தால் அது 24 குரோமோசோம் செடி என்பதற்கு நல்ல அறிகுறி. எல்லாம் சரியாகச் செய்தாலும் சில ரகங்கள் கருவே தராது. இந்த ஏமாற்றத்தைத் தாங்கும் பொறுமை உங்கள் மகளுக்கு உண்டா என்று அவளிடமே பேசுங்கள்.

இருந்தால், நான்காண்டு பி.எஸ்சி. விவசாயம், பிறகு மரபியல்-பயிர்ப்பெருக்கத்தில் எம்.எஸ்சி. என்ற வழியைத்தான் நான் சொல்வேன். வெறும் பயோடெக்னாலஜி பட்டத்தோடு வருபவர்களுக்கு வயல் தெரிவதில்லை. உருளைக்கிழங்கு ஆராய்ச்சியில் இடங்கள் குறைவு. விஞ்ஞானி ஆக பிஎச்.டி. வரை படிக்க மனதைத் தயார்செய்துகொள்ளுங்கள். ஆனால் கிருமியில்லாமல் கைவேலை செய்யும் பழக்கம் வாழைக்கன்று திசு வளர்ப்புக் கூடங்களிலும் அப்படியே பயன்படும். கல்லூரி பார்க்கப் போகும்போது ஆய்வகத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். அலமாரியில் இந்த வாரத் தேதி எழுதிய குடுவைகள் இருக்கின்றனவா, மாணவர்களே இடுக்கி பிடிக்கிறார்களா என்று கேளுங்கள். ஊட்டி முத்தோரையில் மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிறுவனத்தின் நிலையம் இருக்கிறது. முன்கூட்டி அனுமதி கேட்டு அவளை ஒருமுறை அழைத்துப் போங்கள்.