டர்போ பிக்கப் சொன்ன மைலேஜ் தரவில்லை: வழக்கு யார் மேல், எதை வைத்து?

கேள்வி: டெக்சஸில் இருக்கும் வாசகர் ஒருவர் 14 மாதத்துக்கு முன் டர்போ பெட்ரோல் எஞ்சின் பிக்கப் ஒன்றைப் புதிதாக வாங்கியிருக்கிறார். கண்ணாடியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரில் காலனுக்கு நகரத்தில் 20 மைல், நெடுஞ்சாலையில் 26, இரண்டும் சேர்த்து 22 என்று இருந்தது. அவருக்குக் கிடைப்பது 16. கேம்பர் டிரெய்லரைக் கட்டி இழுத்தால் 11. டீசல் எஞ்சின் வாங்கலாமா என்று அவர் தயங்கியபோது டீலரின் சேல்ஸ்மேன் அனுப்பிய குறுஞ்செய்தி கையில் இருக்கிறது: “ஹைவேயில் 26 வரும். உங்கள் டிரெய்லரை இழுத்தாலும் 20-க்குக் குறையாது.” இப்போது கேட்டால், “நீங்கள் ஓட்டுகிற விதம் அப்படி” என்கிறார்களாம். பெரிய டயர் மாட்டியிருப்பதாகவும் எழுதியிருக்கிறார். தயாரித்த கம்பெனி மேல் கேஸ் போட்டு வண்டியைத் திருப்பிக் கொடுக்க முடியுமா என்று கேட்கிறார்.

பதில்: ஸ்டிக்கரில் இருக்கும் 22-ஐ வைத்துக் கம்பெனி மேல் வழக்குப் போடாதீர்கள். பணமும் காலமும்தான் வீணாகும். அந்தக் குறுஞ்செய்தியை மட்டும் அழித்துவிடாதீர்கள். உங்களுக்கு ஒரு கேஸ் இருக்கிறது என்றால் அது அதில்தான் இருக்கிறது.

ஸ்டிக்கர் எண் ஏன் உதவாது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்த எண் கம்பெனி இஷ்டப்படி எழுதுவதல்ல. மத்திய சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, அதாவது இ.பி.ஏ., வகுத்த சோதனை முறைப்படி ஆய்வகத்தில் வண்டியை உருளைகள் மேல் ஓட்டிப் பார்த்து எடுப்பது. பெரும்பாலும் சோதனையைச் செய்வது கம்பெனியே, இ.பி.ஏ. அதில் ஒரு பகுதியைத் தானே மறுபடி சோதித்துப் பார்க்கும். எரிபொருள் சிக்கனச் சட்டம், அமெரிக்கச் சட்டத் தொகுப்பின் 49-ஆம் தலைப்பு 32908-ஆம் பிரிவில், இந்த எண்ணை வெளியிடுவது மத்திய சட்டப்படியோ மாநிலச் சட்டப்படியோ வாரண்டி ஆகாது என்று நேரடியாகவே சொல்கிறது. “22 என்று எழுதிவிட்டு 16 கொடுத்தால் அது வாரண்டி மீறல்தானே” என்ற வாதம் அங்கேயே முடிந்துபோகிறது.

சரி, எண்ணே ஏமாற்றி எடுத்தது என்றால்? அதையும் பிக்கப் உரிமையாளர்கள் கேட்டுப் பார்த்துவிட்டார்கள். ஃபோர்டு எஃப்-150, ரேஞ்சர் வாங்கியவர்கள், சோதனைக்குக் கொடுத்த காற்றுத் தடைக் கணக்கைக் கம்பெனி குறைத்துக் காட்டியது என்று வழக்குத் தொடுத்தார்கள். 2023-ல் ஆறாவது சர்க்யூட் (சர்க்யூட் என்பது சில மாநிலங்களைச் சேர்த்த மத்திய நீதிமன்ற வட்டாரம்) மேல்முறையீட்டு நீதிமன்றம், குற்றச்சாட்டு உண்மையா பொய்யா என்ற விசாரணைக்கே போகாமல் வழக்கை முடித்தது. அந்த எண்களை ஏற்பதும் மறுப்பதும் இ.பி.ஏ.வின் வேலை, மாநிலச் சட்டத்தை வைத்து ஜூரி அதை மறுபடி தீர்மானிக்க முடியாது என்பது தீர்ப்பின் சாரம். டெக்சஸ் ஐந்தாவது சர்க்யூட்டில் வருவதால் இந்தத் தீர்ப்பு அங்கே கட்டாயம் பின்பற்ற வேண்டியதல்ல. ஆனாலும் எதிர்த் தரப்பு வழக்கறிஞர் முதல் நாளே அதை மேஜையில் வைப்பார். ஒரு தனி ஆள் அதோடு மல்லுக்கட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

வாங்கியவர்களுக்குப் பணம் திரும்ப வந்த பெரிய விவகாரம் அரசு நுழைந்ததால் நடந்தது. 2012-ல் இ.பி.ஏ. தணிக்கையில் ஹூண்டாய், கியா வண்டிகளின் மைலேஜ் கூட்டிக் காட்டப்பட்டது வெளிப்பட்டது. அந்தக் கம்பெனிகள் உரிமையாளர்களுக்கு எரிபொருள் செலவைத் திருப்பிக் கொடுத்தன, 2014-ல் 10 கோடி டாலர் அபராதமும் கட்ட ஒப்புக்கொண்டன. உங்கள் மாடலில் பலருக்கும் இதே குறை இருந்தால் இ.பி.ஏ.வுக்கு எழுதுங்கள். செலவில்லாத வேலை அது.

அப்புறம், 16 என்பது கட்டாயம் ஏமாற்றுதான் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். டர்போ எஞ்சினின் குணமே இதற்கு இடம் கொடுக்கிறது. லேசாக ஓட்டினால் அது ஒரு சின்ன எஞ்சின், குறைவாகத்தான் குடிக்கும். பாரம் ஏறினால் டர்போ காற்றை அழுத்தித் தள்ளும், அதற்கேற்பப் பெட்ரோலும் போகும். தொடர்ந்து அழுத்தினால் சூடு ஏறும். அந்தச் சூட்டைத் தணிக்கவே எஞ்சின் கம்ப்யூட்டர் தேவைக்கு மேல் பெட்ரோலைப் பீய்ச்சும். ஆய்வகச் சோதனையின் பெரும்பகுதி லேசான ஓட்டம். நெடுஞ்சாலைச் சோதனையில் உச்ச வேகம் 60 மைல்தான். 2008 மாடலிலிருந்து 80 மைல் வரை போகும் வேகச் சோதனை, ஏசி சோதனை, குளிர்ச் சோதனை எல்லாம் கணக்கில் சேர்ந்தன, அதனால் பழைய ஸ்டிக்கரைவிட இது நேர்மையானது. ஆனாலும் டெக்சஸ் நெடுஞ்சாலையில் நாள் முழுக்க 75-ல் போகிறவருக்கு அது பொருந்தாது. டிரெய்லரை இழுத்து எந்தச் சோதனையும் செய்வதில்லை. இதைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே தேவைப்படும்.

உங்கள் டயர் விஷயத்தையும் பார்க்க வேண்டும். விட்டம் 5 சதவீதம் கூடினால் ஓடோமீட்டர் ஏறக்குறைய அந்த அளவு மைலைக் குறைத்துக் காட்டும். நீங்கள் 16 என்று எண்ணுவது உண்மையில் 17-ஐ நெருங்கியிருக்கலாம். இன்னொரு பக்கம், கனமான டயர் உண்மையாகவே மைலேஜைச் சாப்பிடும். டீலரின் வழக்கறிஞர் முதலில் கை வைக்கப்போவது இதில்தான். முடிந்தால் பழைய டயரை மாட்டிச் சில டேங்குக்கு அளவெடுங்கள். டேஷ்போர்டில் காட்டும் சராசரியை நம்ப வேண்டாம். ஒரே பங்க்கில் நிரம்ப அடைத்து, ஓடிய மைலை ரசீதில் இருக்கும் காலனால் வகுங்கள், ரசீதையும் பத்திரமாக வையுங்கள். டிரெய்லர் இல்லாத டேங்கையும் டிரெய்லர் போட்ட டேங்கையும் தனித்தனியாக எழுதுங்கள்.

இனி அந்தக் குறுஞ்செய்தி. அதில் இரண்டு வாக்கியம் இருக்கிறது. சட்டத்தின் கண்ணில் இரண்டும் ஒன்றல்ல. “ஹைவேயில் 26 வரும்” என்பது ஸ்டிக்கரைத் திருப்பிச் சொன்னது. அதன் மேல் போனால் மேலே சொன்ன மத்தியச் சட்டத் தடையில் போய் முட்டுவோம். “டிரெய்லரை இழுத்தாலும் 20-க்குக் குறையாது” என்பது அப்படியல்ல. எந்த ஸ்டிக்கரிலும் இல்லாத எண் அது. இ.பி.ஏ. அளக்காத ஒன்றைப் பற்றி, உங்கள் டிரெய்லரைக் குறிப்பிட்டு, சேல்ஸ்மேன் தன் பொறுப்பில் கொடுத்த உறுதி. அதைப் பொய் என்று நீதிமன்றம் சொன்னால் இ.பி.ஏ.வின் எந்த முடிவோடும் அது மோதாது. தடை இங்கே பொருந்தாது என்பது என் உறுதியான கருத்து. 2009-ல் ஹோண்டா சிவிக் ஹைப்ரிட் வழக்கில் கலிஃபோர்னியா மேல்முறையீட்டு நீதிமன்றமும் ஏறக்குறைய இப்படித்தான் பிரித்தது: மைலேஜ் எண்ணை வாரண்டியாக ஏற்க மறுத்தது, ஆனால் விளம்பரத்தில் கூடுதலாகச் சொன்னதற்காக நுகர்வோர் சட்டப்படி வழக்கு நடத்த அனுமதித்தது.

டெக்சஸில் இதற்கான சட்டம் ஏமாற்று வியாபார நடைமுறைகள் சட்டம். டி.டி.பி.ஏ. என்று சுருக்கமாகச் சொல்வோம். பொருளுக்கு இல்லாத குணத்தை இருப்பதாகச் சொல்லி விற்பது இதன்படி தவறு. “செம மைலேஜ் சார்” என்றால் அது வியாபாரப் பேச்சு, அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. எண் போட்டுச் சொன்னால் கதை வேறு. நீங்கள் அதை நம்பினீர்கள், அதனால் உங்களுக்கு நஷ்டம் என்று காட்ட வேண்டும். டீசலை விட்டு இதை எடுத்தது அந்தச் செய்திக்குப் பிறகு என்றால், தேதி வரிசையே உங்களுக்காகப் பேசும். “ஒப்பந்தத்தில் எழுதாத எந்த வாக்குறுதியும் செல்லாது” என்ற வரி உங்கள் பத்திரத்தில் இருக்கலாம். பயந்துவிடாதீர்கள். வாய்மொழியாகச் சொன்ன பொய்க்கும் இந்தச் சட்டத்தில் வழக்குண்டு என்று டெக்சஸ் உச்ச நீதிமன்றம் 1985-லேயே சொல்லியிருக்கிறது. உங்களிடம் இருப்பது எழுத்து.

ஆகவே உங்கள் எதிராளி டீலர், கம்பெனியல்ல. பணம் எவ்வளவு என்பதையும் நேராகப் பேசிவிடுவோம். வருடத்துக்கு 3,000 மைல் டிரெய்லர் இழுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 20 வந்திருந்தால் 150 காலன், 11-ல் ஏறக்குறைய 273. வித்தியாசம் 123 காலன். காலன் 3 டாலர் என்றால் வருடத்துக்கு 370 டாலர் போல. ஐந்தாறு வருடம் வைத்திருப்பதாக இருந்தால் 2,000 டாலரைச் சுற்றி வரும். தெரிந்தே பொய் சொன்னார்கள் என்று நிரூபித்தால் மூன்று மடங்கு வரை கேட்க இடமுண்டு. வண்டியையே திருப்பிக் கொடுக்கும் அளவுக்கு இது போகாது. போகும் என்று யாராவது உங்களிடம் சொன்னால், முன்பணம் கொடுப்பதற்கு முன் நன்றாக யோசியுங்கள்.

இந்தத் தொகைக்கு ஏற்ற இடம் சிறு வழக்குகளைப் பார்க்கும் ஜஸ்டிஸ் கோர்ட். அங்கே 20,000 டாலர் வரை கேட்கலாம், வழக்கறிஞர் இல்லாமலே நீங்கள் பேசலாம். ஒப்பந்தத்தில் ஆர்பிட்ரேஷன் விதி, அதாவது நீதிமன்றத்துக்குப் பதில் தனியார் நடுவரிடம்தான் போக வேண்டும் என்ற விதி, இருக்கிறதா என்று பாருங்கள். பல ஒப்பந்தங்கள் சிறு வழக்குகளுக்கு விலக்குக் கொடுத்திருக்கும். ஜெயித்தாலும் மேல்முறையீடு வரலாம் என்பதற்கு ஓர் உதாரணம் உண்டு: 2012-ல் லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் ஒரு பெண், இதே சிவிக் ஹைப்ரிட் மைலேஜுக்காகச் சிறு வழக்கு நீதிமன்றத்தில் 9,867 டாலர் வென்றார், சில மாதத்தில் அது மேல்முறையீட்டில் ரத்தானது.

வழக்குக்கு முன் டீலருக்கு எழுத்தில் நோட்டீஸ் அனுப்ப வேண்டும், 60 நாள் அவகாசத்தோடு. எதைச் சொன்னார்கள், எவ்வளவு நஷ்டம், எவ்வளவு கேட்கிறீர்கள் என்று குறிப்பாக எழுதுங்கள். குறுஞ்செய்தியின் படம், ரசீதுகள், மைல் கணக்கு எல்லாவற்றையும் இணையுங்கள். கோபத்தைக் காட்ட வேண்டாம். பல டீலர்கள் இந்தக் கட்டத்திலேயே ஏதாவது கொடுத்து முடித்துக்கொள்வார்கள்.

டிரெய்லர் இல்லாமலும் 16 என்பது எனக்குக் கொஞ்சம் உறுத்துகிறது. டயரும் வேகமும் மட்டும் காரணமா, வண்டியில் கோளாறா என்று பார்த்துவிடுங்கள். ஆக்ஸிஜன் சென்சார் கெட்டுப்போவது, திறந்தபடியே மாட்டிக்கொண்ட தெர்மோஸ்டாட், பிடித்துக்கொண்டே ஓடும் பிரேக், டர்போவிலிருந்து வரும் காற்றுக் குழாயில் கசிவு எல்லாம் மைலேஜைத் தின்னும். சர்வீஸில் “மைலேஜ் குறைவு” என்று ரிப்பேர் ஆர்டரில் எழுத வைத்து, நகல் வாங்குங்கள். டயர் மாற்றியதால் வாரண்டி போச்சு என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். குறிப்பிட்ட கோளாறுக்கு அந்த டயர்தான் காரணம் என்று அவர்கள் காட்ட வேண்டும். புகை தொடர்பான பாகங்களுக்கு மத்தியச் சட்டப்படி 2 வருடம் அல்லது 24,000 மைல் வாரண்டி தனியாக உண்டு. எஞ்சின் கம்ப்யூட்டருக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்கும் 8 வருடம் அல்லது 80,000 மைல். கோளாறு இருந்து, பலமுறை பழுது பார்த்தும் தீரவில்லை என்றால்தான் லெமன் சட்டம், அதாவது தீராத கோளாறுள்ள புது வண்டி வாங்கியவர்களுக்கான சட்டம், உதவும். அதற்கான புகார் மாநில மோட்டார் வாகனத் துறைக்குப் போக வேண்டும். மைலேஜ் குறைவு ஒன்றையே வைத்து அங்கே போனால் நிற்காது.

காலக்கெடுவைக் கவனியுங்கள். டி.டி.பி.ஏ.வில் 2 வருடம்தான். பொய் என்று தெரிந்த நாளிலிருந்து, அல்லது தெரிந்திருக்க வேண்டிய நாளிலிருந்து எண்ணலாம் என்று விதி இருந்தாலும், வாங்கிய தேதியிலிருந்தே எண்ணிக்கொள்ளுங்கள். 14 மாதம் போய்விட்டது, நோட்டீஸுக்கு 60 நாள் வேண்டும். அளவெடுப்பதை இந்த மாதமே தொடங்கி, 18-ஆவது மாதத்துக்குள் நோட்டீஸை ரசீதுடன் வரும் பதிவுத் தபாலில் அனுப்பிவிடுங்கள். அதற்கு முன் விற்பனை ஒப்பந்தத்தை உங்கள் ஊர் நுகர்வோர் வழக்கறிஞர் ஒருவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.