கார்வரின் சிக்கனமும் லிஷ்ஷின் கத்தரியும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்கச் சிறுகதை எழுத்தாளர் ரேமண்ட் கார்வரைச் சில மாதங்களாக வாசித்துவருகிறேன். அவரைப் போலச் சொற்களைக் குறைத்து எழுதினால் என் கதை தந்தி வாசகம் மாதிரி ஆகிவிடுகிறது. ‘என்ன நடந்தது என்றே புரியவில்லை’ என்கிறார்கள் நண்பர்கள். அந்தச் சிக்கனம் அவர் பட்ட வறுமையிலிருந்து வந்ததா? எதை வெட்டுவது, எங்கே நிறுத்துவது?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

வறுமைக்கு அதில் பங்கு உண்டு. கார்வர் 1938-ல் ஆரிகன் மாநிலத்தில் பிறந்தவர். அப்பாவுக்கு மரம் அறுக்கும் ஆலையில் வேலை. 19 வயதில் கல்யாணம், 20 வயதில் இரண்டு பிள்ளைகள். ஆஸ்பத்திரியில் இரவு நேரத் துப்புரவு வேலையும் பார்த்திருக்கிறார். வருடக்கணக்கில் ஒரு நாவலோடு உட்கார வழியில்லை, சீக்கிரம் முடிகிறதைத்தான் எழுத முடிந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். கதைகள் ஏன் சிறியவை என்பதற்கு இது பதில். வாக்கியங்கள் ஏன் அப்படி இறுகின என்பது வேறு கதை.

25 சொல்லில் சொல்வதை 15 சொல்லில் சொல்ல முடிந்தால் 15 போதும் என்பது அவருடைய ஆசிரியர் ஜான் கார்ட்னர் கொடுத்த பாடம். பிறகு வந்த பதிப்பாசிரியர் கோர்டன் லிஷ், 15 எதற்கு, 5 போதுமே என்றார். 1981-ல் வந்த ‘காதலைப் பற்றிப் பேசும்போது நாம் எதைப் பேசுகிறோம்’ தொகுப்பின் கையெழுத்துப் பிரதியில் பாதிக்கு மேல் லிஷ் வெட்டினார். 1980 ஜூலை 8 அன்று, புத்தக வேலையை நிறுத்தும்படி கெஞ்சி கார்வர் அவருக்கு ஒரு கடிதம் எழுதினார். புத்தகம் வெட்டுகளோடுதான் வந்தது. ‘மினிமலிஸ்ட்’ (சொற்களை மிகக் குறைத்து எழுதுபவர்) என்ற பட்டம் கார்வருக்குக் கடைசிவரை பிடிக்கவில்லை.

நீங்கள் கேட்டதற்கு விடை ஒரே கதையின் இரண்டு வடிவங்களில் இருக்கிறது. பிறந்தநாள் அன்று காலை ஸ்காட்டி என்ற சிறுவன் மேல் கார் மோதுகிறது. அவனுக்காக அம்மா சொல்லிவைத்த கேக்கை வாங்கிப்போக யாரும் வராததால் பேக்கரிக்காரர் வீட்டுக்குப் போன் செய்துகொண்டே இருக்கிறார். லிஷ் முக்கால் பங்குக்கு மேல் வெட்டிய வடிவம் ‘தி பாத்’. கடைசியில் போன் அடிக்கிறது. ஸ்காட்டியைப் பற்றியா என்று அம்மா கேட்கிறாள், ஆமாம் என்கிறது குரல். கதை அங்கேயே முடிகிறது. பேசுவது ஆஸ்பத்திரியா பேக்கரியா என்று தெரியாத அந்தப் பயம் நெஞ்சில் நிற்கிறது. 1983-ல் கார்வர் மீட்டெடுத்த ‘எ ஸ்மால், குட் திங்’கில் பையன் இறந்துபோகிறான். பெற்றோர் நள்ளிரவில் பேக்கரிக்குப் போய்ச் சண்டை போடுகிறார்கள். விஷயம் தெரிந்ததும் அந்த மனிதர் மன்னிப்புக் கேட்டு, அடுப்பிலிருந்து எடுத்த சூடான ரோல்களைச் சாப்பிடக் கொடுக்கிறார். விடியும்வரை பேசிக்கொண்டிருக்கிறார்கள். கத்தரி இந்தக் கதையை நீளத்தில் மட்டும் குறைக்கவில்லை. பரிவைப் பற்றிய கதை பயத்தைப் பற்றிய கதையாகிவிட்டது. எனக்கு ‘எ ஸ்மால், குட் திங்’தான் பெரிய கதை.

லிஷ் தொடாமல் விட்டதையும் பாருங்கள். கேக்கின் விலை 16 டாலர் அப்படியே இருக்கிறது. குளிக்க வீட்டுக்கு வந்த அப்பா முதல் போனை எடுக்கும்போது அவருக்குக் கேக் விஷயமே தெரியாது. நமக்குத் தெரியும், ஏனென்றால் கதை தொடங்குவதே பேக்கரியில்தான். அந்த முதல் காட்சியை எடுத்துவிட்டிருந்தால் போன் வெறும் புதிர்தான். உங்கள் நண்பர்கள் சொல்லும் ‘புரியவில்லை’ இங்கிருந்துதான் வருகிறது. பெரும்பாலும் நீங்கள் விளக்கத்தோடு சேர்த்துத் தடயத்தையும் வெட்டியிருப்பீர்கள்.

ஆகவே முதலில் முழுசாக எழுதிவிடுங்கள். இரண்டு வாரம் கழித்துப் பென்சிலோடு உட்காருங்கள். உணர்ச்சிக்குப் பெயர் சொல்லும் சொற்கள் (‘வேதனையுடன்’, ‘பதற்றமாக’), பாத்திரத்தின் பழைய வரலாறு, காட்சி முடிந்தபிறகும் தொடரும் வரிகள் ஆகியவற்றை அடியுங்கள். பொருள், விலை, நேரம், யாருக்கு எது தெரியும் என்ற தகவல், இவற்றில் கை வைக்காதீர்கள்.

தந்தி வாடைக்குத் தமிழிலேயே ஒரு காரணம் உண்டு. வினை கடைசியில் வரும் மொழி இது. ‘அவன் எழுந்தான். ஜன்னலுக்குப் போனான். வெளியே பார்த்தான்.’ மூன்று முறை ‘ஆன்’ என்று தட்டுகிறது. ‘எழுந்து ஜன்னலுக்குப் போனான். தெருவில் யாருமில்லை.’ இதில் ‘பார்த்தான்’ போய்விட்டது, பார்வை இருக்கிறது. உரையாடலிலும் இப்படித்தான். கார்வர் சலிக்காமல் ‘சொன்னான், சொன்னாள்’ போடுவார். நமக்கு அது பல இடங்களில் தேவையே இல்லை. ‘வாங்க’வும் ‘வாடா’வும் பேசுவது யார் என்று காட்டிக்கொடுத்துவிடும். தேவைப்படும் இடத்தில் வெறும் ‘என்றான்’ போடுங்கள். அதை ‘முணுமுணுத்தான்’, ‘பொருமினான்’ என்று மாற்றவேண்டாம்.

லிஷ் கை வைப்பதற்கு முந்தைய பிரதிகள் ‘பிகினர்ஸ்’ என்ற பெயரில் 2009-ல் புத்தகமாக வந்துவிட்டன. அதையும் 1981 தொகுப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரே ஒரு கதைக்காவது, போன வரிகளையெல்லாம் அடிக்கோடிட்டுப் பாருங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.