புத்தகம் தொலைந்தால் யார் பதில் சொல்வது?

"மாணவர்களிடம் வாசிப்புப் பழக்கத்தை வளர்ப்பது மொழியாசிரியரின் வேலைதானே, இதில் தலைமையாசிரியர் செய்வதற்கு என்ன இருக்கிறது?" என்று கேட்டிருக்கிறீர்கள். மொழியாசிரியராகப் பல ஆண்டுகளும், அதன்பின் தலைமையாசிரியராகப் பதினோரு ஆண்டுகளும் பணியாற்றியவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன். ஒரு நூலின்மீது மாணவனுக்கு ஆசை வரச் செய்வது ஆசிரியரால் முடியும். ஆனால் அந்த நூல் அவன் கைக்குப் போய்ச் சேருவதும், அதைப் படிக்கப் பள்ளியில் அவனுக்கு நேரம் கிடைப்பதும் பெரும்பாலும் தலைமையாசிரியர் எடுக்கும் முடிவுகளைப் பொறுத்தவை.

பொறுப்பேற்ற முதல் வாரத்திலேயே நூலக அறைக்குச் சென்றேன். ஐந்து இரும்புப் பீரோக்கள் இருந்தன, ஐந்தும் பூட்டியிருந்தன. வழங்கல் பதிவேட்டில் கடைசிப் பதிவு ஏழு மாதங்களுக்கு முந்தையது, அதுவும் ஓர் ஆசிரியரின் பெயரில். நூலகப் பொறுப்பாசிரியர் கடமையில் குறை வைப்பவர் அல்லர், நிறைய வாசிப்பவர். ஆனால் அதற்கு முந்தைய இருப்புச் சரிபார்ப்பில் பதினான்கு நூல்கள் குறைந்ததற்காக அவரிடம் எழுத்து மூலம் விளக்கம் கேட்டு, தொகையையும் அவருடைய சம்பளத்தில் பிடித்திருந்தார்கள். "கொடுத்தால் எனக்கு நஷ்டம் சார், பூட்டி வைத்தால் யாரும் ஒன்றும் கேட்பதில்லை" என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நூல்களைப் பூட்டிவைப்பவருக்கு நிம்மதியும், பிள்ளைகளிடம் கொடுப்பவருக்குத் தண்டனையும் கிடைக்கும்படி ஒரு பள்ளி நடந்தால், அங்கே வாசிப்பின் பெருமையைப் பற்றிக் காலை வணக்கக் கூட்டத்தில் எத்தனை முறை பேசினாலும் பயன் இராது.

எஸ்.ஆர்.ரங்கநாதன் 1931இல் வகுத்தளித்த நூலகவியலின் ஐந்து விதிகளில் முதலாவது, நூல்கள் பயன்பாட்டுக்கே என்பது. எளிய வாக்கியமாகத் தோன்றினாலும், ஒரு பள்ளியில் அதை நடைமுறைக்குக் கொண்டுவர யாராவது ஒருவர் இழப்புக்குப் பொறுப்பேற்றுக் கையெழுத்திட வேண்டும். நிர்வாகக் குழுவில் விஷயத்தை வைத்தேன். மாணவர்களுக்கு வழங்கியதால் தொலைந்தவற்றையும் கிழிந்தவற்றையும் ஆண்டுதோறும் ஒரு வரம்புக்குள் கணக்கிலிருந்து நீக்கலாம், அதற்குப் பொறுப்பு தலைமையாசிரியருடையது, பொறுப்பாசிரியரிடம் வசூலிக்கக் கூடாது என்று தீர்மானம் எழுதி வாங்கினேன். மறுவாரமே பீரோக்கள் திறந்தன. சில மாதங்கள் கழித்து, அட்டை பிய்ந்துபோய், பழைய நோட்டு உறையால் மீண்டும் அட்டை போடப்பட்ட ஒரு கதைப் புத்தகம் திரும்பி வந்தது. பதிவேட்டில் ஒரே ஒரு மாணவியின் பெயர்தான் இருந்தது. உள்பக்கத்திலோ பென்சிலால் நான்கு வெவ்வேறு கையெழுத்துகளில் நான்கு பெயர்கள் இருந்தன. அந்தப் புத்தகத்தைச் சேதமடைந்தவற்றின் பட்டியலில் சேர்த்துக் கையெழுத்திட்டபோது எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி.

அடுத்தது நேரம். வாரத்துக்கு ஒரு நூலகப் பாடவேளை பல பள்ளிகளின் கால அட்டவணையில் இருக்கும். தேர்வு நெருங்கியதும் கணக்காசிரியர் அதைத்தான் முதலில் கேட்பார். ஓர் ஆசிரியர் விடுப்பெடுத்தால் அவருக்குப் பதிலாக அனுப்பப்படுபவரும் நூலக வேளையிலிருந்துதான் எடுக்கப்படுவார். இதற்கு முடியாது என்று சொல்லும் அதிகாரம் தலைமையாசிரியருக்கு மட்டுமே உண்டு. என் முதல் ஆண்டில் நானே பத்தாம் வகுப்புக்காக அதை விட்டுக்கொடுத்தேன், அது தவறு. அடுத்த ஆண்டு முதல் எந்த வகுப்புக்கும் நூலக வேளையை வேறு பாடத்துக்குத் தருவதில்லை என்று உறுதியாக இருந்தேன்.

இதோடு தினமும் இருபது நிமிடம் எல்லோரும் வாசிப்பது என்றும் ஏற்பாடு செய்தோம். அலுவலக எழுத்தரும் நானும் உட்பட அனைவரும் அந்த நேரத்தில் கையில் ஒரு நூலோடு உட்கார்ந்தோம். இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். அமெரிக்காவின் தேசிய வாசிப்புக் குழு 2000ஆம் ஆண்டு அறிக்கையில், வழிகாட்டுதல் அதிகம் இல்லாமல் மாணவர்களை மௌனமாக வாசிக்க விட்டாலே வாசிப்புத் திறன் உயர்ந்துவிடும் என்பதற்குப் போதிய சான்று கிடைக்கவில்லை என்று கூறியது. எங்கள் அனுபவமும் அதை ஒட்டியே இருந்தது. ஏழாம் வகுப்பில் ஒரு சிறுவன் தடித்த புத்தகம் ஒன்றைத் தினமும் விரித்து வைத்திருப்பான். அருகில் போய் உட்கார்ந்து கவனித்தபோதுதான் பக்கம் புரளவே இல்லை என்பது தெரிந்தது. அவனால் எழுத்துக் கூட்டித்தான் படிக்க முடிந்தது. நன்றாக வாசிப்பவன் மேலும் வாசித்து வளர்வதையும், தடுமாறுபவன் வாசிப்பதைத் தவிர்த்து மேலும் பின்தங்குவதையும் உளவியலாளர் கீத் ஸ்டானோவிச் 1986இலேயே விளக்கியிருக்கிறார். அந்தச் சிறுவனுக்குத் தேவைப்பட்டது அவன் நிலைக்கேற்ற சிறு நூல்களும், தினமும் அவனோடு உட்கார்ந்து வாசிக்க ஓர் ஆசிரியரும். அந்த ஆசிரியருக்கு வேறொரு பாடவேளையைக் குறைத்துக் கொடுத்தோம். அதுவும் அட்டவணையில் செய்ய வேண்டிய மாற்றம்தான்.

பரிசுகளைப் பற்றியும் சிலர் கேட்பார்கள். அதிக நூல் படித்தவருக்குக் கோப்பை என்று ஓராண்டு அறிவித்தோம். பீரோவில் இருந்த மிக மெல்லிய நூல்கள் மட்டும் வேகமாகப் போய்வந்தன. லெப்பர், கிரீன், நிஸ்பெட் ஆகிய உளவியலாளர்கள் 1973இல் வெளியிட்ட ஆய்வில், வரைவதை இயல்பாகவே விரும்பிய சிறு குழந்தைகளில், வரைந்தால் சான்றிதழ் உண்டு என்று முன்கூட்டியே சொல்லப்பட்டவர்களுக்குப் பின்னாளில் வரைவதில் ஆர்வம் குறைந்தது. எதிர்பாராமல் பரிசு பெற்றவர்களுக்கு அப்படிக் குறையவில்லை. கோப்பையை நிறுத்திவிட்டு, வகுப்பில் யாராவது ஒருவர் தான் படித்ததைப் பற்றி ஐந்து நிமிடம் பேசலாம் என்று வைத்தோம். ஒருவர் பேசிய நூலை மறுநாள் மூன்று பேர் கேட்டு வந்தார்கள்.

நீங்கள் தலைமைப் பொறுப்பில் இருப்பவரானால், நாளைக் காலை வழங்கல் பதிவேட்டை வரவழைத்துக் கடைசிப் பதிவின் தேதியைப் பாருங்கள். பிறகு பொறுப்பாசிரியரைத் தனியாக உட்காரவைத்து, ஒரு நூல் தொலைந்தால் இந்தப் பள்ளியில் அவருக்கு என்ன நேரும் என்று கேளுங்கள்.