பிள்ளைகளுக்குப் பிக்காசோவை எங்கிருந்து தொடங்கிச் சொல்லலாம்?

யாழ்ப்பாணத்தில் தரம் 4, 5இல் சித்திரம் கற்கும் பிள்ளைகளுக்கு ஓவியர் பிக்காசோவை எவ்வாறு அறிமுகப்படுத்தலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். 1881இல் ஸ்பெயினின் மலாகா நகரில் சித்திர ஆசிரியர் ஒருவரின் மகனாகப் பிறந்து, 1973இல் பிரான்ஸில் மறைந்தார் என்பதற்கு மேல் வரலாறு தொடக்கத்தில் வேண்டியதில்லை. 1942இல் சைக்கிள் சீற்றையும் ஹாண்டிலையும் மட்டும் இணைத்து அவர் ஆக்கிய ‘காளையின் தலை’ சிற்பத்தின் படத்தை முதலில் காட்டுங்கள். வீட்டுக்கு வீடு சைக்கிள் நிற்கும் இவ்வூரில் அதற்கு விளக்கமே தேவைப்படாது.

1901 முதல் 1904 வரை பெரும்பாலும் நீலத்தில் வரைந்தவர் பின்னர் இளஞ்சிவப்புக்கு மாறியதை உணர்த்த, இரு காலத்துப் படங்களையும் அருகருகே வைத்து, எதில் துயரம் தெரிகிறது என்று கேட்டாலே போதும்.

கியூபிசம் என்ற அவரது ஓவியப் பாணிக்குத்தான் கூடிய நேரம் ஒதுக்க வேண்டும். ஒரு செம்பை மேலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் பார்த்துத் தனித்தனியாக வரைந்து, வெட்டி, ஒரே தாளில் கலந்து ஒட்டச் செய்தால், 1907ஐ அடுத்த ஆண்டுகளில் அவரும் பிரெஞ்சு ஓவியர் பிராக்கும் ஒரு பொருளின் பல கோணங்களை ஒரே பரப்பில் கொண்டுவந்த முறை பிள்ளைகளுக்குச் செய்கையிலேயே விளங்கிவிடும். (அப்பாணியின் செல்வாக்கை நம் நாட்டு ஓவியர் ஜோர்ஜ் கீற்றின் படங்களிலும் காட்டலாம்.)

1937இல் வரைந்த ‘குவெர்னிகா’ ஒரு நகரின் மீதான குண்டுவீச்சைப் பற்றியது. போரின் நினைவு ஆறாத குடும்பங்கள் பல வாழும் நம்மிடத்தில், அதை மேல் வகுப்புகளுக்கு விடுவதே பொருத்தம் என்பது என் கருத்து.