வாங்கும் முன், வாங்கிய பின்: புல்தரைக் கேள்விகள்

கேள்வி: நியூ ஜெர்சியில் என் மகன் வீட்டு புளூகிராஸ் புல்தரையில் அங்கங்கே மொட்டைத் திட்டுகள். வருஷா வருஷம் விதை வாங்கித் தூவுகிறான். ஒரு வாரத்தில் பச்சையாகிறது, ஆனால் திட்டு மூடுவதே இல்லை. புளூகிராஸ் தானாகப் பரவும் என்கிறார்களே?
– ஜெயநகர் வாசகி

பதில்: "ஒரு வாரத்தில் பச்சையாகிறது" என்று எழுதியிருக்கிறீர்களே அம்மா, சிக்கல் அங்கேதான். கென்டக்கி புளூகிராஸ் விதை முளைக்க இரண்டு வாரத்திலிருந்து நான்கு வாரம் வரை ஆகும். ஒரு வாரத்தில் தலைகாட்டுவது பெரும்பாலும் ரைகிராஸ் என்ற வேறு வகைப் புல். அது குத்துக் குத்தாக நிற்கும், ஓடிப் பரவாது. புளூகிராஸ்தான் இஞ்சி மாதிரி மண்ணுக்கடியில் தண்டு ஓட்டி, பக்கத்து வெற்றிடத்தைப் பிடிக்கும்.

இந்த விஷயத்தில் எனக்குத் தீராத ஆதங்கம் உண்டு. விதைப் பையின் முன்பக்கம் பெரிய எழுத்தில் ஒரு பெயர். உள்ளே என்ன இருக்கிறது என்பது பின்பக்க லேபிளில் பொடி எழுத்தில். ஒவ்வொரு புல்லும் எடையில் எத்தனை சதவீதம், முளைப்புத்திறன் எவ்வளவு, எப்போது சோதித்தார்கள் என்றெல்லாம் அமெரிக்காவில் அந்த லேபிளில் இருக்கும். விதைக்கு மேல்பூச்சு இருந்தால் அதன் எடையும் சேர்ந்தே நிறுக்கப்படும். சில பைகளில் பாதி எடை வரை பூச்சுதான். விதை என்று நினைத்துப் பூச்சுக்குக் காசு கொடுக்கிறோம். மகனை முதலில் லேபிளைப் படிக்கச் சொல்லுங்கள்.

உள்ளங்கை அகலத் திட்டுக்கு விதையே வேண்டாம். இறுகிய மண்ணைக் குத்திக் கிளறி, மட்கிய எருவை மெல்லியதாகத் தூவி, செப்டம்பரில் தழைச்சத்து உரம் கொடுத்தால் ஓரத்துப் புல்லே உள்ளே வரும். ஒட்ட வெட்டக்கூடாது, இரண்டரை முதல் மூன்றரை அங்குலம் நிற்கட்டும். பெரிய திட்டு என்றால் ஆகஸ்ட் கடைசியிலிருந்து செப்டம்பர் நடுவுக்குள் விதைத்து, முளைக்கும் வரை மேல்மண் காயாமல் பார்க்க வேண்டும். அப்புறம் ஒன்று: வசந்தத்தில் களை முளைக்காமல் தடுக்கும் மருந்து கலந்த உரம் போட்டிருந்தால், அந்த மருந்து பெரும்பாலும் அப்போது தூவும் புல் விதையையும் முளைக்க விடாது. இரண்டையும் ஒரே நாளில் விற்கும் கடைக்காரர் இதைச் சொல்லமாட்டார்.

கேள்வி: பெங்களூர் ஒயிட்ஃபீல்டு வீட்டுக்கு ஆன்லைனில் ஒரு கிலோ புளூகிராஸ் விதை வாங்கினேன். பாதிதான் முளைத்தது, மார்ச்சில் அதுவும் பழுத்துவிட்டது. பாக்கெட்டைத் தூக்கிப் போட்டுவிட்டேன். பணம் கிடைக்குமா?

பதில்: பாக்கெட்டைத் தூக்கிப் போட்ட பிறகு எதை வைத்துக் கேட்பது? ஆர்டர் விவரம் உங்கள் கணக்கில் இருக்கும், அதையாவது சேமித்துவையுங்கள். புளூகிராஸ் 15 முதல் 24 டிகிரி வரையிலான குளிரில் செழிக்கும் புல். பெங்களூரின் மார்ச், ஏப்ரல் வெயில் அதற்கு ஆகாது. வாங்கும் முன் பத்து நிமிஷம் விசாரித்திருக்கலாம்.

நானும் பச்சைப் புல்தரை விளம்பரப் படத்தைப் பார்த்து, ஐந்து வருஷம் முன்பு இரண்டு பாக்கெட் வாங்கினேன். சோதனைத் தேதியே இல்லை. மூன்று மாதம் தண்ணீர் ஊற்றி வளர்த்தது கோரைதான். இன்றும் அந்தக் காசு மனதை உறுத்துகிறது. லால்பாக் பக்கத்து நர்சரிகளில் பெர்முடா அல்லது மெக்சிகன் புல் கேளுங்கள். பெர்முடா நம் அருகம்புல்லின் இனம், திட்டைத் தானே மூடும்.

கேள்வி: மாமரத்தடியில் முழு நிழல். புளூகிராஸ் வருமா?

பதில்: வராது. பெர்முடாவும் வராது.

கேள்வி: பானசவாடியில் 400 சதுர அடிக்குப் புல் பதிக்க 22,000 ரூபாய் கொடுத்தேன். ஒரு மாதத்தில் மஞ்சளாகிவிட்டது. தோண்டினால் இரண்டு அங்குலத்துக்குக் கீழே செங்கல் துண்டும் சிமெண்ட் கட்டியும்தான். காண்ட்ராக்டர் போனை எடுப்பதில்லை. என் ஓய்வூதியப் பணம் சார்.

பதில்: உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். தப்பு உங்கள்மேல் இல்லை. மண்ணைப் பதப்படுத்துவது அவர் வாங்கிய கூலியில் அடங்கிய வேலை. நான்கைந்து இடத்தில் குழி தோண்டி, அளவு நாடாவை வைத்துப் படம் எடுங்கள். இடிபாடுகளை அள்ளிப் போட்டுவிடாதீர்கள், அவைதான் சாட்சி. பில் தரவில்லை என்றாலும் யுபிஐயில் கட்டியிருந்தால் அந்தப் பதிவும், வாட்ஸ்அப்பில் பேசியதும் உதவும். ஸ்பீட் போஸ்டில் 15 நாள் கெடு கொடுத்து எழுதுங்கள். நடுவில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள். பதில் இல்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் வரை கொடுத்த தொகைக்குக் கட்டணமே கிடையாது, வக்கீல் இல்லாமல் நீங்களே வாதாடலாம். இரண்டு வருஷத்துக்குள் போக வேண்டும், ஆனால் அவ்வளவு நாள் காத்திருக்காதீர்கள். நோட்டீஸ் எழுதியதும் எனக்கு ஒரு நகல் அனுப்புங்கள், பார்த்துச் சரிசெய்து தருகிறேன்.